வராது என்று எழுதியவை

நாற்றம் தாங்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடுவது நல்லது, பாதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதில் யாருக்கும் மரியாதை இல்லை. ஏனென்றால் இது கோயமுத்தூர் காளப்பட்டி ரோட்டில் ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை பட்டப்பகல் பதினொரு மணிக்கு, கோகிலவாணி என்கிற முப்பத்தாறு வயதுக்காரியின் மேசைமேல் சொத்தென்று விழுந்த ஒரு கருமத்தைப் பற்றிய கதை. குளியலறைத் தண்ணீர் வடிகிற ஜாலியில் மாதக்கணக்காக அடைத்துக் கிடந்த முடியும் சோப்பும் அழுக்கும் குச்சியால் இழுத்தால் ஒன்றாகத் திரண்டு வருமே, அதே மாதிரி ஒரு கட்டி, கைமுஷ்டி அளவு, கறுப்பாய், கொழகொழவென்று, அழுகின உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்தால் குப்பென்று அடிக்குமே அந்த நாற்றத்தோடு விழுந்தது. மேலே பார்த்தால் கூரைப் பலகைகள் பூப்போல வெள்ளையாக இருந்தன, ஓட்டையும் இல்லை, கசிவும் இல்லை.

கோகிலவாணிக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். வேறு ஆட்கள் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற சிப், சிலிக்கானில் ஏறுவதற்கு முன்னால், எந்தச் சூழ்நிலையிலாவது தப்புப் பண்ணுமா என்று பார்த்துச் சொல்லவேண்டும். அப்போது அவள் கையில் இருந்தது ஆஸ்பத்திரி மருந்துப் பம்பின் சிப். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரின் நரம்பில் வலி மருந்தைத் துளித்துளியாக இறக்குகிற பம்பு, நிறுத்து என்றால் நின்றாக வேண்டிய பம்பு, நிற்காவிட்டால் படுத்திருப்பவரின் மூச்சை நிறுத்திவிடுகிற பம்பு. அதன் நிலைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதென்றால் ஏழு ஜென்மம் போதாது. அதனால் பூஜ்யமா ஒன்றா என்று தெரியாத ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்து, அந்த எழுத்துகளை வரிசையில் நிறுத்தி, ஆமாம் என்றால் இந்தப் பக்கம் இல்லை என்றால் அந்தப் பக்கம் என்று கிளை பிரித்து, ஒரே மாதிரி இருக்கிற கிளைகளை ஒன்றோடொன்று ஒட்டி, கோடானுகோடி நிலைகளையும் ஒரே மரமாக மடித்து மெஷினுக்குள் அடக்கிவிடுகிற சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருந்தார்கள். நடக்கக்கூடிய நல்லது, நடக்கக்கூடிய கெட்டது, நூறு வருஷத்துக்கு ஒருதடவை நடக்கிறது, எல்லாமே அந்த மரத்தில் எங்கேயோ ஒரு கிளையாக இருக்கும்.

எழுத்துகளின் வரிசை கொஞ்சம் பிசகினால் போதும், மரம் வீங்கி மெமரியை எல்லாம் தின்று மெஷின் படுத்துக்கொள்ளும். அப்போது எல்லாரும் பண்ணுகிற காரியம் அஸ்யூம் போடுவது. அஸ்யூம் என்றால் ஒரே ஒரு வரி, இது வராது என்று வைத்துக்கொள் என்று மெஷினுக்குச் சொல்வது. சொன்ன மாத்திரத்தில் அந்தக் கிளையை மெஷின் ஏன் எதற்கு என்று கேட்காமல் வெட்டித் தள்ளிவிடும், மரம் இளைத்துவிடும், வேலை முடிந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை மரம் மூன்றாம் தடவையாக வீங்கிப் படுத்ததும், கோகிலவாணி எரிச்சலோடு எழுதிய வரி இதுதான்: நிறுத்து பட்டனை அமுக்குகிற அதே கணத்தில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுவது வராது. ஒவ்வொரு அஸ்யூமுக்கும் பக்கத்தில் காரணம் எழுதவேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். டிசைன்காரர்களுக்குப் போன் போட்டாள், அவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே "அதெல்லாம் வராதுங்க" என்றார்கள், இவளும் 'டிசைன் டீம் சொன்னது' என்று காரணம் எழுதி என்டரைத் தட்டினாள். கரண்ட் நினைத்தபோது போய் நினைத்தபோது வருகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதினாள். எழுதின கை கீபோர்டைவிட்டு எழும்பவில்லை, சொத்.

"எலி செத்திருக்கும்மா" என்றார் மேனேஜர் சௌந்தர்ராஜன், எட்ட நின்றுகொண்டு. ஏசி மெக்கானிக் வந்து பலகைகளைக் கழற்றிப் பார்த்தான், எலியும் இல்லை, எலி வாலும் இல்லை. ஹவுஸ்கீப்பிங் மாராத்தா அட்டைத் துண்டில் அதை வழித்து எடுத்துப்போனாள். மறுநாள் பக்கத்து சீட்காரன் ஓர் அஸ்யூம் போட்டான், அவன் மடியில் ஒன்று விழுந்தது. அதற்கடுத்த நாள் மூன்று பேர் போட்டார்கள், மூன்று விழுந்தன. உண்மையிலேயே வராத விஷயத்தை வராது என்று எழுதினால் ஒன்றும் விழுவதில்லை. வரக்கூடியதை வராது என்று எழுதினால் மட்டும் தவறாமல் விழுந்தது. வெட்டிப்போட்ட கிளை எங்கே போகும், இங்கேதான் வந்து அழுகுகிறது என்று ஒரே வாரத்தில் அந்த மாடியில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்துபோயிற்று.

தெரிந்தபிறகு என்ன செய்திருக்கவேண்டும்? பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அந்த மாடியில் இருந்த நாற்பது பேரும் படித்தவர்கள், அதனால் முதலில் பிளாஸ்டிக் பேசின் வாங்கினார்கள். சீட்டுக்கு ஒரு பேசின் வைத்தார்கள், மானிட்டருக்கு ஒரு குடை கட்டினார்கள், தலைக்குக் கம்பெனி பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் தொப்பி கொடுத்தார்கள், எச்ஆரிலிருந்து 'ஈரப்பொருள் நடத்தை விதிகள்' என்று ஒரு மெயில் வந்தது, அதில் அடுத்தவர் பேசினில் எட்டிப்பார்ப்பது நாகரிகமல்ல என்று போட்டிருந்தது. ஆவணி பிறந்தபோது வாஸ்துக்காரர் வந்து தென்கிழக்கு மூலையில் எலுமிச்சம்பழம் வைத்தார், அந்தப் பழத்தின்மேலும் ஒன்று விழுந்தது. புரட்டாசியில் முகம் சுளிப்பதை நிறுத்தினார்கள். விழுகிற சத்தத்தைக் கேட்டால் "யாரோ வேலை பாக்கறாங்கப்பா" என்று சிரித்துக்கொண்டார்கள். யார் பேசின் சீக்கிரம் நிறைகிறதோ அவர் கெட்டிக்காரர் என்றானது, வாரக்கடைசியில் கெட்டிக்காரருக்குச் சாக்லேட் என்றானது. ஆயுத பூஜைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா, த்தூ, சொல்லவே வாய் கூசுகிறது, பேசின்களை வரிசையாக வைத்து அந்தக் கட்டிகளுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து, பொரிகடலை சுண்டலோடு சூடம் காட்டினார்கள். காட்டிய கையோடு அந்தச் சுண்டலையும் தின்றார்கள்.

கோகிலவாணியால் மட்டும் தின்னமுடியவில்லை. மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறப்பாள், மூடுவாள், அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவாள். புடவையை மூன்றுதரம் அலசினாலும் உருளைக்கிழங்கு நாற்றம் போகவில்லை. மற்றவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது. அதைவிட, மற்றவர்களை இப்படி நினைக்கிற தானும் வாரத்துக்கு ஒரு வரி எழுதி ஒரு கட்டி விழவைத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நினைக்கும்போது இன்னும் பிரட்டியது. முதல் கட்டியே அவளுடையதாயிற்றே. பன்னிரண்டு வருஷ வேலை, அந்தக் குழுவுக்கு அவள்தான் தலை, கடைசியில் இந்தச் சிப் தேறியது என்று கையெழுத்துப் போடவேண்டியவளும் அவள்தான். அவள் கையெழுத்து இல்லாமல் சிப் ஃபேக்டரிக்குப் போகாது.

கார்த்திகை முதல் வாரத்தில் இருநூற்றுப் பதின்மூன்றாவது அஸ்யூமைப் போட்டார்கள். அதுவரை பத்து மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த சோதனை கண் இமைப்பதற்குள் முடிந்தது, சிப் மீறக்கூடாத அறுநூற்று நாற்பது விதிகளும் பச்சைப்பசேல் என்று தேறிவிட்டன. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், கேக் வரவழைத்தார்கள். அந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அந்த வேகத்தைப் பார்த்ததும் பகீரென்றிருக்கவேண்டும், வேண்டுமென்றே ஒரு பொய்யை எழுதி மெஷின் அதைத் துப்புகிறதா என்று பார்த்திருக்கவேண்டும், அதுதான் முறை. யாருக்கும் பகீரென்று ஆகவில்லை. கோகிலவாணி மட்டும் சத்தம்போடாமல் சீட்டுக்குப் போய், ஒன்றும் பூஜ்யமும் ஒன்றே என்று எழுதினாள். தேறியது என்றது மெஷின். பம்பு ஒருநாளும் ஓடாது என்று எழுதினாள், தேறியது. பம்பு ஒருநாளும் நிற்காது என்று எழுதினாள், அதுவும் தேறியது. நிறுத்து பட்டன் அமுங்கியேதான் இருக்கும் என்று ஒருத்தன் அஸ்யூம் போட்டிருந்தான், பட்டனை யாருமே தொடமாட்டார்கள் என்று இன்னொருத்தி போட்டிருந்தாள். வரிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டதில் மரத்தில் ஒரு கிளைகூட மிச்சமில்லை. ஆளில்லாத, பம்பில்லாத, ஒரு நொடிகூட நகராத ஒரு சூனியத்தில் தப்பே நடக்காது என்று நிரூபித்துவிட்டுத்தான் இவர்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், மொத்தமும் வெத்துங்க சார்" என்றாள் சௌந்தர்ராஜனிடம். "ஒண்ணும் பூஜ்யமும் ஒண்ணுன்னு எழுதினாலும் தேறுதுங்க."

"தேறுதில்ல?" அவர் விரலில் ஒட்டிய கிரீமை நக்கினார். தோளில் விழுந்த கட்டி வழிந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவேயில்லை. "அப்பறம் என்னம்மா? அடுத்த வெள்ளிக்கிழமை பம்புக் கம்பெனிக்காரங்க வர்றாங்க. நல்ல நேரத்துல இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு வராத கோகிலா."

குமட்டல் தாங்காமல் அவள் கட்டடத்தின் பின்பக்கம் இறங்கிப் போனபோதுதான், தண்ணீர்த் தொட்டிக்கருகில் மாராத்தா குழாயைத் திறந்துவிட்டு அந்தக் கட்டிகளைக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். குப்பை வண்டிக்காரன் கொழகொழ என்று இருப்பதை ஏற்றமாட்டேன் என்றானாம், அதனால் நாலு மாதமாக ஒவ்வொன்றாகக் கழுவிப் பிழிந்து காயவைத்துத்தான் போடுகிறாளாம்.

"மாராத்தாக்கா, எப்படித்தான் கையில தொடறீங்களோ!"

"தொடாம? தினம் சோறு எறங்க மாட்டீங்குதுங் மேடம்" என்றாள் மாராத்தா. "ஆனா கழுவினா உள்ள தெரியுதுங்க. ஒண்ணொண்ணுலயும் ஒரு கூத்து நடக்குது. ஒண்ணை மட்டும் எனக்குக் குப்பையில போட மனசே வர்ல, பக்கெட்லயே வெச்சிருக்கேன். பாக்கறீங்களா?"

சிவப்பு பக்கெட்டில் தண்ணீருக்குள் அது கிடந்தது. தொட்டால்தான் தெரியும் என்றாள் மாராத்தா. கோகிலவாணி வளையலை மேலே தள்ளிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை விட்டாள். முடியும் சளியும் விரலிடுக்கில் ஏற, அது ஒரு நோயாளியின் தோல்மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. கழுவின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஓர் ஆஸ்பத்திரி வார்டு. ஆறு கட்டில். ட்யூப்லைட் ஒரு துடிப்புத் துடித்து அணைகிறது, அதே கணத்தில் ஒரு நர்ஸ் கட்டைவிரலால் பம்பின் பட்டனை அமுக்குகிறாள், பம்பு நிற்கவில்லை, மறுபடி அமுக்குகிறாள், நிற்கவில்லை, கட்டிலில் இருப்பவரின் உதடு நீலம் பாய்கிறது, அவள் வாயைத் திறந்து யாரையோ கூப்பிடுகிறாள், ட்யூப்லைட் மறுபடி துடிக்கிறது, எல்லாம் முதலிலிருந்து.

"இதுதாங் நான் மொத மொதல்ல அள்ளுனது" என்றாள் மாராத்தா. "ஆடி மாசத்துல இருந்து அந்தப் புள்ள அமுக்கிட்டேதான் இருக்குதுங்க. பாவம், வெரலு வலிக்காது?"

கோகிலவாணி கட்டியை மெல்ல மறுபடி தண்ணீருக்குள் விட்டாள். அது யாருடைய வரி என்று அவளுக்கு மாராத்தா சொல்லவேண்டியதில்லை. தன் கையையே அவளுக்கு வெட்டி எறிந்துவிடலாம் போலிருந்தது.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பகல் முழுக்க, ஆளில்லாத மாடியில் தனியாக உட்கார்ந்து, இருநூற்றுப் பதின்மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். உண்மையிலேயே வராத பதினொன்றை மட்டும் விட்டுவைத்தாள், எழுத்துகளின் வரிசையை மாற்றி மாற்றி நிறுத்தி, வீங்கிய மரத்தைப் பொறுமையாக மடித்தாள். ஒவ்வொரு வரியை எடுக்கும்போதும் பேசினிலிருந்து ஒரு கட்டி நத்தைபோல் சுவரேறி, கூரைப் பலகைக்குள் புகுந்து மறைந்தது. குப்பைக்குப் போனவைகூட எங்கிருந்தோ ஊர்ந்து வந்து ஜன்னல் வழியே ஏறின. ஞாயிறு சாயங்காலம் மாடி துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அறுநூற்று முப்பத்தொன்பது விதிகள் இப்போது நிஜமாகவே தேறின. ஒன்று தேறவில்லை. பட்டன், கரண்ட், பேட்டரி. சிப்புக்குள் ஓடும் கடிகாரத்தின் ஏழே துடிப்பில் பம்பு நிறுத்தச் சொன்னதை மறந்துபோகிறது என்று மெஷின் படிப்படியாக வரைந்து காட்டியது.

திங்கட்கிழமை வந்தவர்களுக்குத் தலைவலி. நாற்றமில்லாத காற்று மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஒருத்திக்கு மயக்கமே வந்துவிட்டது, இட்லிக்கு ருசியே இல்லை என்றான் பக்கத்து சீட்காரன், ஏசியில் ஏதோ கெமிக்கல் கலந்துவிட்டார்கள் என்று எச்ஆருக்குப் புகார் போனது. கோகிலவாணி ஏழு துடிப்பையும் சௌந்தர்ராஜனுக்குத் திரையில் காட்டினாள்.

"இது கோடியில ஒண்ணும்மா."

"கரண்ட் போறது கோடியில ஒண்ணாங்க சார்? நம்ம ஊர்லயா?"

"அதுக்கு டிசைனை மாத்தச் சொன்னா ஆறு மாசம் தள்ளும். அந்த ஒரே ஒரு வரியை மட்டும் திரும்பப் போட்டுரு, மத்ததெல்லாம் சுத்தமா வெச்சுக்கோ, நான் வேண்டாங்கல."

"என்னால முடியாதுங்க சார்."

"நகரு" என்றார் அவர். அவரே உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி, வராது என்று எழுதினார். 'டிசைன் டீம் சொன்னது' என்று காரணமும் எழுதினார். சொத்தென்று அது விழுந்தது, நாற்றம் மாடி முழுக்கப் பரவியது, நாற்பது பேரும் நெஞ்சு நிறைய இழுத்து மூச்சுவிட்டு "அப்பாடா" என்றார்கள். மத்தியானத்துக்குள் ஆளாளுக்குப் பழைய வரிகளையும் திரும்பப் போட்டுக்கொண்டார்கள், பேசின்கள் மறுபடி நிறைந்தன.

வெள்ளிக்கிழமை வந்தவர் முரளீதர், பம்புக் கம்பெனியின் தர அதிகாரி, பெங்களூரிலிருந்து காலை விமானத்தில் வந்தார். வெளியாள் பார்த்தால் அலறுவார், அவர் மூக்கைப் பொத்தினாலே போதும், மிச்சத்தைத் தான் சொல்லிவிடலாம் என்று கோகிலவாணி முந்தின நாளெல்லாம் நம்பிக்கொண்டிருந்தாள். மீட்டிங் ரூமுக்குள் நுழைந்த முரளீதர் மேலே பார்த்தார், பேசின்களைப் பார்த்தார், பையிலிருந்து தன் சொந்தத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பரவாயில்லையே, உங்ககிட்ட கம்மியாதான் இருக்கு" என்றார். "எங்க ஆபீஸ்ல முழங்கால் வரைக்கும் வந்தாச்சு. பூட்ஸ் குடுத்திருக்கா."

சௌந்தர்ராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். சாம்பார் வடை வந்தது. மேசைமேல் முரளீதரின் லேப்டாப் திறந்திருந்தது, திரையில் பம்பின் பதிவேடு, தேறியது, தேறவில்லை என்று இரண்டே கட்டங்கள், கீழே கோகிலவாணியின் பெயர். "மருத்துவ சாமான் பாருங்கோ, அதனால ரொம்ப கறார்" என்றார் முரளீதர் வடையைப் பிய்த்துக்கொண்டே. "உங்க டிஜிட்டல் கையெழுத்துக் கீயைப் போட்டு ஒருதரம் ஏத்திட்டா எங்க எம்டியே வந்தாலும் அழிக்க முடியாது. போடுங்கோ, மூணு மணிக்கு எனக்கு ஃப்ளைட்."

"சார், ஒரு கேஸ் இருக்குங்க" என்று ஆரம்பித்தாள் கோகிலவாணி. "கரண்ட் போற நேரத்துல நிறுத்தினா பம்பு நிக்கலைங்க. ஆள் செத்துருவாங்க சார்."

"தெரியும்மா. சௌந்தர்ராஜன் மெயில் போட்டிருந்தார்." அவர் சொல்லும்போதே மேலிருந்து ஒன்று நழுவி அவர் தட்டில், சாம்பாருக்குள் விழுந்தது. அவர் அதை ஸ்பூனால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார், கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினார், ஒதுக்கிவிட்டு அந்தச் சாம்பாரிலேயே வடையைத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மீசையில் ஒரு முடி ஒட்டிக்கொண்டு ஆடியது. "வர்றச்சே பாத்துக்கலாம்" என்றார் மென்றுகொண்டே.

"கையெழுத்துப் போடும்மா கோகிலா" என்றார் சௌந்தர்ராஜன். மேசையைச் சுற்றி இருந்த ஏழு பேரும் தலையாட்டினார்கள். "போடுங்கக்கா" என்றாள் ஒருத்தி, ரொம்ப அன்பாக.

கோகிலவாணி வாயைத் திறந்தாள். சரிங்க சார் என்று சொல்லத்தான் திறந்தாளோ, முடியாது என்று சொல்லத்தான் திறந்தாளோ, அவளுக்கே தெரியாது. நாலு மாதமாக அடிவயிற்றில் இறுகிக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பி, மேசைமேலும் வடைத்தட்டின்மேலும் முரளீதரின் பளபளக்கிற ஷூவின்மேலும் வாந்தியாகக் கொட்டியது. காலையில் வேண்டாவெறுப்பாகக் குடித்த காபி, அவ்வளவுதான்.

"ச்சீ!" என்று துள்ளி எழுந்தார் முரளீதர். "ஐயையே, கருமம், என்னங்க இது" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டார் சௌந்தர்ராஜன். அழுகின கட்டிக்குச் சந்தனம் வைத்தவர்கள், அது வழிகிற தோளோடு கேக் தின்றவர்கள், அத்தனை பேரும் ஒரு வாய் காபி வாந்தியைப் பார்த்து முகத்தைச் சுளித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொஞ்சமாவது மேனர்ஸ் வேண்டாமா", "ஹெல்த் சரியில்லன்னா லீவு போட்டிருக்கலாம்ல" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். முரளீதர் ஷூவைக் கழுவ பாத்ரூமுக்கு ஓடினார், கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

லேப்டாப் மட்டும் நனையாமல் திறந்திருந்தது. கோகிலவாணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தேறவில்லை என்ற கட்டத்தைத் தொட்டாள். காரணம் என்று கேட்டது. கரண்ட் போகிற கணத்தில் நிறுத்தினால் பம்பு நிற்பதில்லை, நானே சோதித்தேன் என்று எழுதினாள். கீயைச் செருகினாள், என்டரைத் தட்டினாள், ஏறிவிட்டது. இனி யார் தலைகீழாக நின்றாலும் சிப்பைத் திருத்தாமல் அந்தப் பம்பு ஃபேக்டரி வாசலைத் தாண்டாது. இனி இந்த ஆபீஸில் தனக்குச் சீட் இல்லை என்பதும் தெரிந்தது, அது பெரிதாகத் தோன்றவில்லை.

கதவைத் திறந்துகொண்டு மாப்பும் பினாயிலுமாக மாராத்தா வந்தாள். "வாந்தியாம், ஓடு ஓடுன்னு தொரத்தறாங்க. யாருங்க எடுத்தது?"

"நாந்தான் மாராத்தாக்கா. குடுங்க, நானே தொடைக்கிறேன்."

மாராத்தா மாப்பைக் கொடுக்கவில்லை. மேசையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பாடா" என்றாள். "இந்த மாடியில ஒருத்தருக்காச்சும் கொமட்டுச்சே சாமி. நாலு மாசமா எனக்குத்தான் ஏதோ சீக்குன்னு நெனச்சிட்டிருந்தேனுங்க."